திருமதி ராம்சே யாருடைய அம்மா?

கேள்வி:

கல்லூரி ஒன்றில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். 'தி ஹவர்ஸ்' படம் பார்த்துத்தான் வர்ஜீனியா வுல்ஃபிடம் வந்தேன். 'மிஸஸ் டாலவே', 'டு த லைட்ஹவுஸ்' இரண்டையும் படித்தேன். இரண்டாவது நாவல் என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. மேலும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு அவரைப் பற்றிய ஆய்வு நூல்களைத் தேடிப் போனேன். சிறுவயதில் நேர்ந்த பாலியல் கொடுமைதான் அவருடைய எல்லா எழுத்துக்கும் திறவுகோல் என்கிறார் ஒருவர். மனநோய்தான் என்கிறார் இன்னொருவர். அவரை அரசியல் எழுத்தாளராகப் படிக்கச் சொல்கிறார் மூன்றாமவர். என் ஆய்வு நெறியாளரோ, எழுத்தாளரின் வாழ்க்கையே வேண்டாம், பிரதி போதும் என்கிறார். இவ்வளவையும் படித்துவிட்டு நாவலுக்குத் திரும்பினால் பழைய ஈர்ப்பு இல்லை. இது அவர் அம்மா, இது அவர் அப்பா, இது அவருடைய நோய் என்றே மனம் ஓடுகிறது. திருமதி ராம்சே உண்மையில் வுல்ஃபின் அம்மாதானா? யாரை நம்புவது, எதை எந்த வரிசையில் படிப்பது?

— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்:

பழைய ஈர்ப்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு வலித்தது, ஏனென்றால் எனக்கும் அது நேர்ந்திருக்கிறது. நான் படித்த காலத்தில் வுல்ஃப் பாடம் ஆற்றங்கரையில் தொடங்கியது. 1941 மார்ச் 28, ரோட்மெல் கிராமம், ஊஸ் ஆறு, கோட்டுப் பையில் கல், தற்கொலை. பாடம் நடத்தியவர் கண்கலங்கச் சொன்னார். வகுப்பே உறைந்துபோய் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு எந்த நாவலில் தண்ணீர் வந்தாலும் எங்களுக்கு அந்த ஆறுதான். ஒன்பது நாவல்கள், நூற்றுக்கணக்கான கட்டுரைகள், 1917-இல் கணவரோடு சேர்ந்து கை அச்சு இயந்திரம் வாங்கித் தொடங்கிய ஹோகார்த் பதிப்பகம், வருடக்கணக்காக எழுதிய நாட்குறிப்பு என்று வாழ்ந்த ஒரு பெண்ணின் 59 வருடங்களும் ஒரு காலைப் பொழுதுக்குள் சுருங்கிவிட்டன. அதிலிருந்து வெளியே வர எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

அம்மா விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். ஆம், திருமதி ராம்சேயை வுல்ஃப் தன் அம்மா ஜூலியா ஸ்டீஃபனிடமிருந்துதான் எடுத்தார். ஜூலியா 1895 மே 5 அன்று தன் 49-ஆம் வயதில் இறந்தார். வுல்ஃபுக்கு அப்போது 13 வயது. நாவல் வெளிவந்ததும் ஒரு மே 5-தான், 1927-இல். அவர்கள் வீட்டில் எட்டுக் குழந்தைகள், ராம்சே வீட்டிலும் எட்டு. ஸ்டீஃபன் குடும்பம் கோடைதோறும் போய்த் தங்கிய கார்ன்வால் கடற்கரை ஊரான செயின்ட் ஐவ்ஸில் டாலண்ட் ஹவுஸ் என்ற வீடு. எதிரே விரிகுடாவில் காட்ரெவி கலங்கரை விளக்கம். குழந்தைகள் தங்களுக்குள் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். அதில் 1892-ஆம் வருடத்துச் செய்தி ஒன்று: படகில் கலங்கரை விளக்கத்துக்குப் போனவர்களோடு கடைக்குட்டி ஏட்ரியனை அனுப்பவில்லை, அவனுக்கு ஏமாற்றம். கலங்கரை விளக்கத்துக்குப் போக ஏங்கும், நாவலின் முதல் பக்கத்துச் சிறுவன் ஜேம்ஸ் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறான்.

இந்தத் தகவல்களைக் கையில் வைத்துக்கொண்டு நாவலுக்குள் போங்கள். என் அனுபவத்தில், பொருந்தும் இடங்களைவிடப் பொருந்தாத இடங்களே அதிகம் சொல்கின்றன. கார்ன்வால் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை. நாவல் நடப்பதோ ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில். மணமான சில மாதங்களிலேயே இறந்துபோன அக்கா ஸ்டெல்லாவின் நிழல் ராம்சே வீட்டு மகள் ப்ரூ மீது விழுகிறது. அண்ணன் தோபி 1906-இல் டைஃபாய்டில் இறந்தவர். நாவலில் ராம்சேயின் மகன் ஆண்ட்ரூவோ போரில், பிரான்ஸில் குண்டு வெடித்துச் சாகிறான். ஒரு வீட்டின் துக்கம் ஒரு தலைமுறையின் போர்த் துக்கமாக இடம் மாறிவிடுகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தை ஆய்வாளர்களே பலமுறை விரைந்து கடந்துவிடுகிறார்கள். வுல்ஃபின் வீட்டில் இருந்த எட்டுப் பேரில் நால்வர் பெற்றோரின் முந்தைய திருமணங்களில் பிறந்தவர்கள். ராம்சே வீட்டில் அப்படி யாரும் இல்லை. அந்த நால்வரில், வுல்ஃபைத் துன்புறுத்திய ஜெரால்டு, ஜார்ஜ் டக்வர்த் என்ற இரு அண்ணன்களும் இந்த நாவலில் இல்லவே இல்லை. அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் அம்மாவின் வீட்டை அவர் திரும்பக் கட்டியிருக்கிறார். அந்த விலக்கலே ஒரு முடிவு, ஒரு கலைஞரின் முடிவு. வாழ்க்கை வரலாறு தெரியாவிட்டால் அது நமக்குத் தெரிய வழியே இல்லை. உங்கள் நெறியாளரோடு நான் உடன்படாத இடம் இதுதான்.

இன்னொரு மாற்றமும் உண்டு. 1925 மே மாதத்து நாட்குறிப்பில் இந்த நாவலின் திட்டத்தை எழுதுகிறார். நடுநாயகமாக அப்பாதான் இருக்க வேண்டும். படகில் உட்கார்ந்து கவிதை வரியைச் சொல்லிக்கொண்டே, சாகும் தறுவாயில் இருக்கும் ஒரு மீனை நசுக்குகிறவராக அவரை அப்போது நினைத்திருக்கிறார். முடிந்த நாவலைப் பாருங்கள். அப்பா படகில் இருக்கிறார், அதே கவிதை வரியைச் சொல்கிறார், மீனும் இருக்கிறது. ஆனால் மீனின் விலாவில் சதுரமாக ஒரு துண்டு வெட்டித் தூண்டிலுக்கு இரையாக்கி, உயிர் போகாத உடலைக் கடலில் எறிபவன் படகுக்காரரின் பையன். ராம்சேயின் கையிலிருந்து அந்தக் கொடுமையை வுல்ஃப் எடுத்துவிட்டார். நாவலின் நடுவிலும் அவர் இல்லை, திருமதி ராம்சே வந்து உட்கார்ந்துவிட்டார். மீனின் கதை நாவலில் தனி ஒரு பிரிவு, அதுவும் சதுர அடைப்புக்குறிக்குள். நாட்குறிப்பையும் நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த இரண்டு மீன்களையும் பார்த்த நாளில்தான் ஆய்வு நூல்கள் எதற்காக என்று எனக்குப் புரிந்தது.

சரி, அம்மாதானா? இந்தக் கேள்வியை நாவலே கேட்டு, பதிலும் சொல்லியிருக்கிறது. ராம்சே வீட்டு விருந்தாளியான ஓவியர் லில்லி பிரிஸ்கோ, ஜேம்ஸுக்குக் கதை படித்துக்கொண்டிருக்கும் திருமதி ராம்சேயை வரைகிறாள். வில்லியம் பேங்க்ஸ் வந்து, இந்த ஊதா நிற முக்கோணம் என்ன என்று கேட்கிறார். அதுதான் திருமதி ராம்சேயும் பையனும் என்கிறாள் லில்லி. முகச்சாயலைக் கொண்டுவர அவள் முயலவே இல்லை. இந்தப் பக்கம் வெளிச்சம் இருந்தால் அந்தப் பக்கம் ஒரு நிழல் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். தாயும் சேயும் ஒரு நிழலாகச் சுருங்கலாமா, அது மரியாதைக் குறைவில்லையா என்று அறிவியலாளரான பேங்க்ஸ் யோசிக்கிறார், பிறகு மெல்ல ஏற்றுக்கொள்கிறார். இதே நாவலை எழுதிக்கொண்டிருந்த 1926-இல் வுல்ஃப் இன்னொரு வேலையும் செய்தார். ஜூலியாவின் பெரியம்மா ஜூலியா மார்கரெட் கேமரன் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். ஜூலியாவை இளம் வயதில் பலமுறை படம் எடுத்தவர், கடைசிக் காலத்தை இலங்கையில் கழித்து 1879-இல் அங்கேயே இறந்தவர். அவருடைய படங்களைக் கலை விமர்சகர் ரோஜர் ஃப்ரையோடு சேர்ந்து நூலாக்கித் தன் பதிப்பகத்திலேயே வெளியிட்டார். அம்மாவின் முகம் புகைப்படத்தில் அவர் மேசைமேலேயே இருந்தது. நாவலில் அவர் வைத்ததோ ஓர் ஊதா முக்கோணம்.

இதற்கு எதிர்ச்சாட்சியும் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. அக்கா வனெஸ்ஸா பெல் புத்தகம் வந்த வாரமே கடிதம் எழுதினார்: அம்மாவை இவ்வளவு அச்சாக யாராவது கொண்டுவர முடியும் என்று நினைத்ததே இல்லை, செத்தவர் எழுந்து வந்ததுபோல் வலிக்கிறது என்ற பொருளில். வனெஸ்ஸா ஓவியர், சாயலைப் பற்றி அவருக்குத் தெரியும். லில்லியின் முக்கோணமும் வனெஸ்ஸாவின் கடிதமும் இரண்டுமே உண்மை. சாயலைத் தேடாமல் வரைந்து சாயலை எட்டிய இந்த அதிசயத்தை விளக்கும் விமர்சகரை நம்புங்கள். இரண்டில் ஒன்றை மறந்துவிடுகிறவரின் நூலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

இப்போது நீங்கள் படித்தவர்களிடம் வருகிறேன். அவர்களுக்குள் ஏன் இவ்வளவு சண்டை என்றால், ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு காகிதங்கள் இருந்தன. வுல்ஃப் உயிரோடு இருந்தபோதே, 1932-இல், வினிஃப்ரெட் ஹோல்ட்பி அவரைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். ஒரு நாவலாசிரியர் இன்னொரு நாவலாசிரியரைப் படிக்கும் நூல், இன்றும் உயிர்ப்போடு இருக்கிறது. வுல்ஃப் இறந்த பின், 1953-இல், கணவர் லெனார்ட் நாட்குறிப்பிலிருந்து பெரும்பாலும் எழுத்துத் தொழில் சார்ந்த பகுதிகளை மட்டும் எடுத்து ஒரே நூலாக வெளியிட்டார். ஏறக்குறைய இருபது வருடம் உலகம் அறிந்த வுல்ஃப் அந்த நூலின் வுல்ஃப்: தனியாக உட்கார்ந்து தன் எழுத்தை நினைத்துத் தவிப்பவர். 1972-இல் அக்கா மகன் குவென்டின் பெல் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். தன் வேலை வரலாறு மட்டுமே, நாவல்களை மதிப்பிடுவது இல்லை என்று அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். ஆனாலும் வாசகர்கள் அதை நாவல்களுக்குத் திறவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். குடும்பமும் நோயும் முன்னால் வந்து நின்றன. அதன் பிறகு வெள்ளம்: 1975 முதல் 1980 வரை கடிதங்கள் ஆறு தொகுதிகள், 1977 முதல் 1984 வரை நாட்குறிப்பு ஐந்து தொகுதிகள், 1976-இல் அவருடைய நினைவுக் குறிப்புகள். வேலைக்காரியோடு சண்டை, அச்சு கோத்த களைப்பு, பணக் கணக்கு, வம்பு, சிரிப்பு எல்லாம் வெளியே வந்தன. டக்வர்த் சகோதரர்கள் செய்ததை வுல்ஃப் தன் கைப்படவே எழுதியிருந்தது அந்த நினைவுக் குறிப்புகளில்தான் அச்சானது.

லூயீஸ் டிசால்வோ 1989-இல் எழுதிய நூலுக்கு ஆதாரம் அதுதான். அந்த நூலை ஒதுக்கிவிடாதீர்கள். பல பத்தாண்டுகளாகப் பெரியவர்கள் மென்று விழுங்கிய ஒரு குற்றத்தை அவர் குற்றம் என்று சத்தமாகச் சொன்னார், அந்தக் கடன் நமக்கு உண்டு. ஆனால் அவர் ஒரே சாவியை எல்லாப் பூட்டிலும் போடுகிறார். தாமஸ் கரமாக்னோ 1992-இல் மனநோயை வைத்து எழுதிய நூலில் எனக்குப் பிடித்தது, அவர் நோயை வுல்ஃபின் குற்றமாகவோ பலவீனமாகவோ பார்க்காதது. அங்கும் இதே ஆபத்து இருக்கிறது.

ஓர் உதாரணம் போதும். 'மிஸஸ் டாலவே'யில் போரிலிருந்து திரும்பிய செப்டிமஸுக்குக் குருவிகள் கிரேக்க மொழியில் பாடுவது கேட்கிறது. 1904-இல் அப்பா இறந்து வுல்ஃப் நோயுற்றபோது அவருக்கும் பறவைகள் கிரேக்கத்தில் பாடின, ஆகவே செப்டிமஸ்தான் வுல்ஃப் என்று நூல் நூலாக எழுதியிருக்கிறார்கள். அந்த 1904 நிகழ்ச்சியை அவரே சொல்லும் இடம் எது? 1920-களின் தொடக்கத்தில் நண்பர்கள் கூட்டத்தில் படிக்க எழுதிய ஒரு நினைவுக் கட்டுரை. நடந்து பதினேழு, பதினெட்டு வருடங்கள் கழித்து, ஏறக்குறைய செப்டிமஸ் அவர் மனத்தில் உருவாகிவந்த அதே காலத்தில் எழுதியது. நினைவு நாவலுக்குள் போனதா, நாவல் வேலை நினைவுக்கு உருக் கொடுத்ததா? தேதியைப் பார்க்காமல் படித்தால் இந்தக் கேள்வியே எழாது. அதோடு, முதல் வடிவத்தில் செப்டிமஸே இல்லை, சாக வேண்டியவள் கதாநாயகி கிளாரிஸ்ஸா டாலவேதான் என்று 1928-இல் அந்த நாவலின் அமெரிக்கப் பதிப்பு ஒன்றுக்கு எழுதிய முன்னுரையில் வுல்ஃபே சொல்கிறார். நோயாளி ஒருவரின் வாக்குமூலம் என்றால் அந்த இரண்டாவது மனிதன் எதற்கு? அவன் மூலமாக அவர் போரையும், படுக்கையில் போட்டு வாயை அடைக்கும் மருத்துவர்களின் அதிகாரத்தையும் எழுத முடிந்தது. அலெக்ஸ் ஸ்வெர்ட்லிங் 1986-இல் எழுதிய, வுல்ஃபை நிஜ உலகத்தோடு வைத்துப் படிக்கும் நூல் இந்த இடத்தில் மிகவும் உதவும். 'டு த லைட்ஹவுஸ்' நாவலின் நடுப்பகுதியை வுல்ஃப் எழுதிக்கொண்டிருந்தபோதுதான், 1926 மே மாதம், இங்கிலாந்தில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. காலி வீட்டைக் கழுவிப் பெருக்கும் மிஸஸ் மெக்னாபை அதை நினைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். தொடர்ந்து, வுல்ஃபுக்கும் வீட்டு வேலைக்காரர்களுக்கும் இருந்த உறவைப் பற்றி ஆலிசன் லைட் 2007-இல் எழுதிய நூலையும் படியுங்கள். நமக்குப் பிடித்த எழுத்தாளரிடம் நமக்குப் பிடிக்காதவையும் இருந்தன என்று நேராகக் காட்டுகிற நூல். எனக்கு வருத்தம் தந்த நூல், விடக்கூடாத நூலும்கூட.

லெனார்ட் பெயர் வந்ததால் ஒன்று. திருமணத்துக்கு முன் அவர் இலங்கையில் ஆங்கிலேய அரசின் அதிகாரி. 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணத்தில் இருந்தார், தமிழ் கற்றார், 1906-இல் முத்துக்குளிப்பு நடந்தபோது மன்னார்ப் பக்கத்துக் கடற்கரையில் வேலை பார்த்தார். பிறகு கண்டி, அம்பாந்தோட்டை. 1911-இல் விடுப்பில் ஊர் திரும்பி, 1912-இல் பதவியை விட்டு, வர்ஜீனியாவை மணந்தார். அதனால் 'மிஸஸ் டாலவே'யில் இந்தியாவிலிருந்து திரும்பும் பீட்டர் வால்ஷை லெனார்ட் என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள், இருவருக்கும் குணத்தில் ஒட்டே இல்லை. ஆனால் குடியேற்ற நாடுகளிலிருந்து திரும்பியவர்கள் உட்காரும் நாற்காலி வுல்ஃபின் வீட்டிலேயே இருந்தது. ஜூலியா பிறந்தது 1846-இல் கல்கத்தாவில். இரவு விருந்துக்கு முன் பிள்ளைகள் அம்மாவுக்கு நகை எடுத்துக் கொடுக்கும் காட்சியில், இந்தியாவிலிருந்து ஒரு மாமா கொண்டுவந்த ஓபல் மாலை ஒன்றும் இருக்கும், கவனியுங்கள்.

நெறியாளர் சொன்னதில் பாதியை நான் மனமார ஏற்கிறேன். முதல் வாசிப்புக்கு வாழ்க்கை வேண்டாம். ஆனால் வுல்ஃப் விஷயத்தில் வாழ்க்கை வரலாறு வெளியிலிருந்து வந்து ஒட்டிய பொருளில்லை. அவர் பிறந்த 1882-இல்தான் அப்பா லெஸ்லி ஸ்டீஃபன் பிரிட்டனின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதிக்குப் பதிப்பாசிரியரானார். மனிதர்களின் வாழ்க்கையைத் தேதியும் பதவியுமாகச் சுருக்கி அடுக்கும் வேலை நடந்த வீட்டில் வளர்ந்த மகள் அவர். 'ஆர்லாண்டோ'வுக்கு வாழ்க்கை வரலாறு என்று துணைத்தலைப்பு வைத்தார். 1933-இல் ஒரு நாய்க்கு வரலாறு எழுதினார். 1940-இல் ரோஜர் ஃப்ரையின் வரலாற்றை உண்மையிலேயே எழுதி, தகவலின் கட்டு எவ்வளவு இறுக்கும் என்று அனுபவித்தார். ஒரு வாழ்க்கையை எப்படிச் சொல்வது என்பதுதான் அவர் நாவல்களின் வேலையே. அந்த வேலையை அகராதி எங்கே செய்யமுடியாமல் நிற்கிறதோ அங்கே திருமதி ராம்சே இறக்கிறார்: நடுப்பகுதியில், அடைப்புக்குறிக்குள், ஒரே வாக்கியத்தின் ஓர் உறுப்பாக, போகிறபோக்கில். விடியலில் கணவர் கை நீட்டுகிறார், கைகள் வெறுமையாகவே இருக்கின்றன. அந்த வாக்கியத்தின் கட்டு இங்கிலாந்துப் பதிப்பில் ஒரு மாதிரியும் அதே நாளில் வெளிவந்த அமெரிக்கப் பதிப்பில் வேறு மாதிரியும் இருக்கிறது. பதின்மூன்று வயதில் பார்த்த மரணத்தை எந்த வரிசையில் சொல்வது என்று 45 வயதிலும் அவர் கை அலைந்திருக்கிறது. எழுதி முடித்த பின் அம்மாவின் குரல் காதில் கேட்பது நின்றுவிட்டது என்று 1939-இல் நினைவுகூர்ந்தார். அதையும் எழுதியது அவர்தான், நாவலுக்குப் பன்னிரண்டு வருடம் கழித்து. குருவிகளுக்குப் பார்த்த தேதியை இதற்கும் பாருங்கள்.

வரிசை கேட்டீர்கள். வாழ்க்கை வரலாற்றில் ஒன்றே ஒன்று என்றால் ஹெர்மியோன் லீ 1996-இல் எழுதியது. பெரிய நூல். ஆனால் தன் ஆதாரம் எங்கே உறுதி, எங்கே ஊகம் என்று வாசகரிடம் சொல்லிக்கொண்டே போவார்; பெல்லை அதற்குப் பிறகு படித்தால் போதும். நாவல் நாவலாக, அது உருவான பாதையைக் காட்டுவது ஜூலியா பிரிக்ஸ் 2005-இல் எழுதிய நூல். வகுப்பு நடத்த உங்களுக்கு அது நன்றாகக் கைகொடுக்கும். பெண்ணியத் தரப்பில் எலேன் ஷோவால்டர் 1977-இல் வுல்ஃபைக் குறை சொன்னதையும், டோரில் மாய் 1985-இல் அதற்கு எழுதிய மறுப்பையும் ஒரே வாரத்தில் படியுங்கள். விவாதம் எப்படி நடக்க வேண்டும் என்று மாணவிகளுக்குக் காட்டலாம். மற்றவை அவசரமில்லை.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன் எரிக் அவர்பாக். நாஜி ஜெர்மனியில் வேலையை இழந்து இஸ்தான்புல்லில் தஞ்சம் புகுந்த யூத அறிஞர். போர் நடந்துகொண்டிருக்கும்போது அங்கே உட்கார்ந்து 'மிமெஸிஸ்' எழுதினார், 1946-இல் வெளிவந்தது. ஹோமரில் தொடங்கும் அந்த நூலின் கடைசி இயல் 'டு த லைட்ஹவுஸ்' பற்றியது. வுல்ஃபின் வாழ்க்கையைத் தொடாமல், ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறார்: கலங்கரை விளக்கக் காவலரின் மகனுக்காகப் பின்னும் காலுறையைத் திருமதி ராம்சே ஜேம்ஸின் காலில் வைத்து அளக்கிறார், பையன் அசைகிறான். அளக்க ஆகும் நேரம் சில நொடி. அதற்குள் தொண்டைப் புற்றுநோயில் கிடக்கும் அப்பாவை நினைத்து அழும் சுவிஸ் வேலைக்காரப் பெண்ணும், தொலைபேசியில் பேசிவிட்டு ஜன்னல் வழியே கட்டட வேலையைப் பார்க்கும் பேங்க்ஸும் வந்துபோகிறார்கள். இதையெல்லாம் சொல்வது யார் என்று அவர்பாக் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

முதல் பாகத்தின் ஐந்தாவது பகுதி அது, சில பக்கங்கள்தான். ஒரு காலையில் அதை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள், பிறகு அவர்பாக்கின் இயலைப் படியுங்கள், மாலையில் அந்தப் பகுதியை மறுபடியும். காலுறையின் நீளம் போதவில்லை என்று திருமதி ராம்சே சொல்லும் இடத்தில் உங்கள் மனம் ஜூலியா ஸ்டீஃபனிடம் போகிறதா, பின்னுகிற கையிலேயே நிற்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.